பூனை கட்டிலில் சலம் போகிறதா? முதலில் அதன் உடம்பைப் பாருங்கள்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை. பேஸ்மென்ற் வீடு. மகள் தனியாக இருக்கிறாள் என்று காப்பகத்திலிருந்து மூன்று வயது ஆண்பூனை ஒன்றை எடுத்தீர்கள். முதல் இரண்டு மாதம் லிற்றர் பெட்டியில், அதாவது பூனை மலசலம் போக மண் போட்டு வைக்கிற பெட்டியில், ஒழுங்காகப் போனது. இப்போது கட்டிலிலும் குளியலறைக் கால்மிதியிலும் சலம் போகிறது. மேலே இருக்கிற வீட்டுக்கார அன்ரி மணக்கிறது என்கிறார். கணவர் திருப்பிக் கொடுப்போம் என்கிறார். நீங்கள் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதால் பூனையே வேண்டாம் என்று ஊரிலிருந்து மாமி நாளாந்தம் வைபரில் சொல்கிறார்.

பூனையைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பெட்டியை மாற்றுவது, மண்ணை மாற்றுவது எல்லாம் பிறகு. முதல் வேலை மிருக வைத்தியரிடம் காட்டுவது. ஒழுங்காகப் பெட்டிக்குப் போன பூனை திடீரென்று போகாமல் விட்டால், உடம்பில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சலப்பை அழற்சியாக இருக்கலாம், சலத்தில் படிகமோ கல்லோ இருக்கலாம். வயதான பூனை என்றால் சிறுநீரகம், நீரிழிவு, மூட்டுவாதம் என்று பட்டியல் நீளும். உங்களுடையது இளம் ஆண்பூனை என்பதால்தான் நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆண்பூனையின் சலக்குழாய் மிகவும் ஒடுங்கியது. சின்னப் படிகங்களும் சளியும் சேர்ந்தால் போதும், அது அடைத்துவிடும். அடைத்தால் சலம் வெளியே போகாது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். அடிக்கடி பெட்டிக்குள் போய்க் குந்தி முக்குகிறதா, ஒரு சொட்டு இரண்டு சொட்டுத்தான் வருகிறதா, அல்லது ஒன்றுமே வரவில்லையா, பின்பக்கத்தை விடாமல் நக்குகிறதா, கத்துகிறதா, சாப்பிடாமல் சத்தி எடுக்கிறதா என்று இன்றைக்கே கவனியுங்கள். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சலம் வரவில்லை என்றால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் இருபத்துநான்கு மணிநேர விலங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடைப்பை எடுக்கும் வைத்தியம் ஆயிரக்கணக்கான டொலர் ஆகும். அந்த நிலைக்கு வரமுன் ஒரு சாதாரணப் பரிசோதனைக்கும் சலச் சோதனைக்கும் போவது எல்லா விதத்திலும் நல்லது. இன்சூரன்ஸ் எடுக்க யோசித்தால், ஏற்கெனவே இருக்கிற வருத்தத்தை அவை பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

எங்கள் பூனைக்கும் ஒரு ஜனவரியில் சல வருத்தம் வந்தது. லிற்றர் பெட்டியை விட்டுவிட்டு வெறும் குளியல் தொட்டிக்குள் ஏறிக் குந்தியது. வெள்ளைத் தொட்டியில் இளஞ்சிவப்பாக நாலைந்து சொட்டு. தொட்டி வெள்ளையாக இருந்தபடியால்தான் இரத்தம் கலந்திருப்பது கண்ணில் பட்டது. மண்ணில் போயிருந்தால் தெரிந்திருக்காது. சலம் போகும்போது எரிந்தால், அந்த நோவு பெட்டியால் வருகிறது என்று பூனை எடுத்துக்கொள்கிறது. நோகாத இடம் ஒன்றைத் தேடி மெத்தைக்கும் துணிக்கும் போகிறது, அல்லது குளிர்ந்த வழுவழுப்பான இடத்துக்குப் போகிறது. பூனை கோபத்தில் பழிவாங்குகிறது என்று உங்கள் கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூனைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. தயவுசெய்து அடிக்கவும் வேண்டாம், மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்கவும் வேண்டாம். பயந்த பூனை மறைவாகப் போகப் பழகும், பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பாடு.

கல்லோ படிகமோ கிருமியோ ஒன்றும் இல்லாமலே பூனைக்குச் சலப்பை அழற்சி வருவதுண்டு. அதற்கும் மன அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு. வீடு மாறிய பூனை, புது ஆட்கள், பேஸ்மென்ற், குளிர்காலம் எல்லாம் சேர்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் ஒரு காரணம். உலர்ந்த தீனியில் பத்து வீதம் அளவில்தான் தண்ணீர் இருக்கும், தகர டின்னில் வருகிற ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முடிந்தவரை ஈரத் தீனிக்கு மாற்றுங்கள். ஊரில் பூனைக்கு மீன்குழம்புச் சோறு போட்டு வளர்த்த பழக்கத்தில் இங்கேயும் கறி மிச்சத்தை வைக்க வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கும்.

சரி, வைத்தியர் பார்த்துவிட்டார், உடம்பில் பிழை இல்லை அல்லது மருந்து தொடங்கியாகிவிட்டது என்றால், அடுத்தது பெட்டி.

இந்த மாதம் நான் யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் அம்மாவோடு நிற்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்த நாளிலிருந்து இங்குள்ள பூனைகள் எங்கே போகின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிய அன்று அந்தப் பக்கமே ஒன்றும் வராது. காய்ந்து இறுகிய செம்மண்ணிலும் போகாது. கொத்திப் பிரட்டிக் காயவிட்ட இடத்துக்கு வரும். இரண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடக்கிறது, ஒழுங்கையில் மணல் பறித்திருக்கிறார்கள். குறிச்சியில் இருக்கிற பூனைகள் எல்லாம் அந்தக் கும்பிக்குத்தான். மேசன்மார் சாக்குப் போட்டு மூடியும் ஓரத்தால் நுழைகின்றன. பக்கத்து வளவுப் பூனை ஒன்று நேற்றுக் காலமை அதில் ஏறி, முகர்ந்து பார்த்து, முன்காலால் விறாண்டி, பிடிக்காமல் ஒரு முழம் தள்ளிப் போய், அங்கேயும் விறாண்டி, முழு உடம்பையும் ஒருமுறை சுற்றித் திருப்பி, பிறகுதான் குந்தியது. போன பிறகு திரும்பி முகர்ந்து, மூடி, மறுபடி முகர்ந்து, கொஞ்சம் கூட மூடிவிட்டுப் போனது.

பூனை கேட்பது முழுவதும் அதற்குள் இருக்கிறது. பொடியான, இளகிய, காய்ந்த மண் வேண்டும். சுற்றித் திரும்ப இடம் வேண்டும். நாலுபக்கமும் பார்க்க வேண்டும், ஒரு ஆபத்து என்றால் ஓட வழி வேண்டும். பழைய அழுக்கு இருக்கக் கூடாது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. அமெரிக்காவிலும் முன்னர் வீட்டுக்குள் பூனை வளர்த்தவர்கள் மணலும் சாம்பலும்தான் வைத்தார்கள். 1947 இல் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவரிடம் அயல்வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்க, அவர் எண்ணெய் உறிஞ்சுவதற்கு விற்றுவந்த களிமண் துகளைக் கொடுத்தார். இன்றைக்குக் கடையில் நாங்கள் வாங்குகிற பூனை மண் வியாபாரம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நீங்கள் படத்தில் காட்டியிருக்கிற பெட்டி மூடி போட்டது, சின்னது, லவெண்டர் வாசனை மண், அதுவும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்கும் துணி தோய்க்கும் மெஷினுக்கும் நடுவில். பேஸ்மென்ற் வீட்டில் எல்லாரும் அந்த மூலையில்தான் வைக்கிறார்கள், வேறு இடமும் இல்லை. ஆனால் பூனை பெட்டிக்குள் குந்தியிருக்கும் நேரம் பார்த்து ஃபேர்னஸ் உறுமிக்கொண்டு தொடங்கினால், அது அந்தப் பக்கம் மறுபடி வர யோசிக்கும். பெட்டியை அங்கிருந்து எடுங்கள். வாசனை இல்லாத, பொடியான, ஈரம் பட்டால் கட்டியாகிற மண் வாங்குங்கள். லவெண்டர் வாசனை எங்கள் மூக்குக்குச் சேர்த்தது, பூனைக்கு அது தாங்க முடியாத நெடி. இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் போட்டால் போதும். மூடியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கடையில் பூனைப் பெட்டி என்று விற்பவை பெரும்பாலும் சின்னவை. உடுப்பு வைக்கிற பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினால் மலிவாகவும் முடியும், விசாலமாகவும் இருக்கும். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, வேறு வேறு இடத்தில். ஒன்றை அது இப்போது பிழையாகப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும், முடிந்தால் இரண்டு தரம். அள்ளியதை ரொயிலெற்றில் போடாதீர்கள், களிமண் குழாயை அடைக்கும். ரொறொன்ரோவில் சாப்பாட்டுக் கழிவு போடுகிற பச்சைத் தொட்டியிலேயே பூனை மண்ணைப் போடலாம்.

இந்த அள்ளுகிற வேலை கணவருடையது. மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தால் வரக்கூடும், கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து. ஆனால் மலத்தோடு வந்தவுடனே அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் எடுக்கும். ஆகவே நாளாந்தம் வேறொருவர் அள்ளி, பூனை வெளியே போகாமல் டின் தீனி சாப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. வடிவாக வேகாத இறைச்சியும் கழுவாத மரக்கறியும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும். உங்கள் குடும்ப வைத்தியரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். மாமிக்கும் அவர் சொன்னார் என்று சொன்னால் மனம் ஆறும்.

இனிக் கட்டிலும் கால்மிதியும். எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது டெற்றோலில். பூனை இருக்கிற வீட்டில் டெற்றோல் வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெள்ளையாகிறதே, அந்த வகையும் பினாயிலும் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாத பொருட்களைக் கொண்டவை. துடைத்த நிலத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போகும். அமோனியா கலந்ததும் சரிவராது, சலத்திலும் அந்த மணம்தானே, பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் என்று கேளுங்கள், அது சலத்தை உடைத்து மணத்தைப் போக்கும். மேலாகத் தெளித்துத் துடைக்கக் கூடாது. சலம் எவ்வளவு ஆழம் ஊறியதோ அவ்வளவு ஆழத்துக்கு ஊற்றி, போத்தலில் எழுதியிருக்கிற நேரம் விட்டு, காயவிட வேண்டும். மெத்தைக்கு இரண்டு மூன்று தரம் தேவைப்படும். பிறகு தண்ணீர் இறங்காத மெத்தை உறை போடுங்கள். கால்மிதியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிட்டு, குளிக்கும்போது மட்டும் போடுங்கள். படுக்கையறைக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். சலம் தரையிலும் மெத்தையிலும் தேங்கிக் கிடக்கிறதா, அல்லது சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் வடிகிறதா? நின்றபடி வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டுச் சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. பேஸ்மென்ற் ஜன்னல் நிலமட்டத்தில் இருப்பதால் இரவில் தெருப்பூனைகள் வந்து முகத்துக்கு முகம் பார்த்துவிட்டுப் போகும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் ஒட்டுத்தாள் ஒட்டினாலே பல வீடுகளில் நின்றிருக்கிறது. காப்பகத்துப் பூனை என்பதால் விதை எடுத்திருப்பார்கள், தாளில் ஒருமுறை பாருங்கள். எடுத்த பிறகு பெரும்பாலான ஆண்பூனைகள் பீய்ச்சுவதை விட்டுவிடும்.

வீட்டுக்கார அன்ரி விஷயம். ஒன்ராறியோவில் 2006 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், 14 ஆம் பிரிவு, பிராணி வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது என்கிறது. உங்கள் குசினியும் குளியலறையும் உங்களுக்கென்று தனியாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம். உரிமையாளரோடு அவற்றைப் பகிர்ந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது. ஆனால் பிராணியால் வீட்டுக்குச் சேதம் வந்தால் அவர் நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே சட்டம் பேசப் போக முன்னர் காபெற்றைச் சுத்தமாக்குங்கள். அவரிடம் நீங்களே போய், வைத்தியரிடம் காட்டுகிறோம், இன்ன மருந்து போட்டுத் துடைக்கிறோம், ஒரு மாதம் பொறுங்கள் அன்ரி என்று சொல்லுங்கள். மணத்தைவிட ஒளித்து வைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் ஆட்களைக் கோபப்படுத்துகிறது.

வைத்தியரிடம் போகும்போது, பூனை பெட்டிக்குள் குந்துவதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். அங்கே போனதும் பூனை பயத்தில் ஒன்றும் காட்டாது. எந்த நாளில், எங்கே, எவ்வளவு போனது என்று மகளைக் கொண்டு கொப்பியில் எழுதுவியுங்கள். சலச் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். படிகம் என்று சொன்னால் எந்த வகை என்று கேட்டு எழுதுங்கள். சில வகையைச் சாப்பாட்டாலேயே கரைக்கலாம், சிலது கரையாது.