ஊருக்கு அனுப்பும் பணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். மாதம் சுமார் 1,000 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறேன். கிளம்புவதற்கு முன் ஊரில் தொடங்கிய சேமிப்புக் கணக்குக்குத்தான் பணம் போகிறது, ஏ.டி.எம். அட்டை அண்ணனிடம் இருக்கிறது. விடுதியில் உடன் தங்கியிருப்பவர்கள், உண்டியலில் (வங்கியில் போடாமல் ஆள் மூலம் அனுப்பும் ஹவாலாவில்) போட்டால் விலை கூடுதலாகக் கிடைக்கும், கமிஷனும் இல்லை என்கிறார்கள். எது நல்லது?
— புதுக்கோட்டை மாவட்ட வாசகர், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் விலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பழைய கணக்குதான். வேலைக்காக வெளிநாடு சென்றவர், 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் ஆகிவிடுகிறார். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க அவருக்கு அனுமதியில்லை. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. எனும், வெளிநாட்டில் வசிப்பவருக்கான சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் வரும் வாடகை, குத்தகை போன்றவை அதில் சேரலாம். அதன் வட்டிக்கு வரி உண்டு. சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு உரியது என்.ஆர்.இ. கணக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த பணம் அதில் சேரும், நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, வேண்டும்போது முழுத் தொகையையும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏழு ஆண்டுகளாக உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இந்த வசதி, ஒரு விண்ணப்பம் எழுதாததால் கிடைக்காமல் போயிருக்கிறது.

அட்டையும் இரகசிய எண்ணும் அண்ணனிடம் இருப்பதும் சரியல்ல. அண்ணனைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. நாளை ஏதேனும் தவறு நடந்தால், எண்ணைப் பிறரிடம் கொடுத்தவர் நீங்களே என்று வங்கி கைகழுவிவிடும். உள்ளூரில் பணம் எடுக்க மட்டும் அவருக்கு அதிகாரம் தரும் ‘மேண்டேட்’ படிவம் என்.ஆர்.இ. கணக்குக்கும் உண்டு. அல்லது, அம்மாவின் கணக்குக்கு மாதந்தோறும் இவ்வளவு போக வேண்டும் என்று வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால், வீட்டுச் செலவும் நடக்கும், மீதியும் உங்கள் பெயரிலேயே நிற்கும்.

இனி விலை. ‘அனுப்பக் கட்டணம் இல்லை’ என்ற பலகையைக் கண்டால், அந்தக் கடை டாலருக்கு எத்தனை ரூபாய் தருகிறது என்பதைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு எளிது: டாலருக்கு 70 காசு குறைத்துக் கொடுத்தால் 1,000 டாலருக்கு 700 ரூபாய் போய்விடும், வெளிப்படையாக 5 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு சந்தை விலையையே தருபவரிடம், டாலர் 68 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போவது 340 ரூபாய்தான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் 1,000 டாலர் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் இறங்கும்?’ என்பது ஒன்றே. அவசரச் செலவுக்குச் சிறு தொகை அனுப்ப, இந்தியாவின் யுபிஐ-யையும் சிங்கப்பூரில் அதைப் போன்ற கைபேசிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்-வையும் சேர்த்து 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய இணைப்பும் உண்டு. நாளொன்றுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் என்ற வரம்போடு வந்த அந்த ஏற்பாட்டில், இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன.

உண்டியல் வேண்டாம். கோயில் உண்டியலில் போட்டது யாருக்குப் போகிறது என்றாவது தெரியும். இதில் உங்கள் டாலர் சிங்கப்பூரிலேயே தங்கிவிடுகிறது. ஊரில் உங்கள் வீட்டுக்கு வரும் ரூபாய், வரிக்கு மறைத்ததோ கடத்தல் தங்கம் விற்றதோ, யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி அனுப்பும் பணத்தை, அனுமதி பெற்ற நிறுவனத்தின் வழியாக அல்லாமல் இந்தியாவில் வாங்குவதே சட்டமீறல்; தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் வாங்கியவர் மேல் விழும் என்பதைக் கவனியுங்கள்: அதாவது உங்கள் அம்மா மேல். நோட்டாகத் தராமல் முன்பின் தெரியாத கணக்கிலிருந்து அனுப்பினாலும் ஆபத்துதான். அது இணைய மோசடிப் பணமாக இருந்துவிட்டால், வாங்கியவரின் கணக்கு முடக்கப்படும்.

கேள்வி: குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறேன். நான் அனுப்பிய பணத்தில் தம்பி பெயரில் ஒரு மனையும் கொஞ்சம் நஞ்சையும் வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு விடுப்பு இல்லை. வாங்கலாமா?
— சிவகங்கை மாவட்ட வாசகர், குவைத்

பதில்: மனையை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். விடுப்பு கிடைக்காதது ஒரு தடையே அல்ல. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரத்தை, ஊர்ப்பேச்சில் ‘பவரை’, தம்பிக்கு அனுப்பி, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தினால், அவர் உங்களுக்காகப் பதிவுக்குப் போய்க் கையெழுத்திடலாம். விலையை உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து கொடுங்கள். பணம் முழுவதும் உங்களுடையது, பத்திரத்தில் தம்பி பெயர் மட்டும் என்றால், அது பினாமிப் பரிவர்த்தனையாகக் கருதப்பட இடமுண்டு. பிற்காலத்தில் ‘பணம் என்னுடையது’ என்று வழக்குப் போட்டு மீட்கவும் 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் தடையாக நிற்கும். உடன்பிறந்தாரோடு கூட்டுப் பெயரில் வாங்குவதற்கும், கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பெயரில் வாங்குவதற்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

நஞ்சை வேறு கதை. வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசு உரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கு மனமாரப் பணம் கொடுத்து, அவர் தமக்கென்று வாங்கினால் சட்டம் குறுக்கே நிற்காது. ஆனால் அந்த வயல் அவருடையது. அதை மனத்தில் ஏற்க முடியாதவர் பணம் கொடுக்காமல் இருப்பதே உறவுக்கு நல்லது.

கேள்வி: துபாயில் இருக்கும் கணவர் அனுப்பும் பணத்துக்கு நான் வருமான வரி கட்ட வேண்டுமா? என் அறுவை சிகிச்சைக்கு அவருடைய சித்தப்பா மகனும் 2 லட்சம் ரூபாய் அனுப்பினார்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கணவர் அனுப்பும் பணத்துக்கு, எவ்வளவானாலும், வரி இல்லை. அதில் மிச்சம் பிடித்து வைப்புநிதியில் போட்டால், வட்டி மட்டும் கணவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். அடுத்ததுதான் சிக்கல். நம் உறவுமுறையில் சித்தப்பா மகன் உங்களுக்குக் கொழுந்தன். வருமான வரிச் சட்டத்தில் அவர் உறவினர் அல்லர். உறவினர் அல்லாதோர் அன்பளிப்பாகத் தந்தது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். அவர் அதைக் கைமாற்றாகத்தான் கொடுத்தார், நீங்களும் திருப்பித் தரப்போகிறீர்கள் என்றால், அது அன்பளிப்பு ஆகாது. அப்படியானால் இருவரும் அதை எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே இருக்கட்டும்.