கேள்வி-பதில்: வியாபாரி விழுங்கிவிட மாட்டானா?

கேள்வி: குறுவை நெல்லை அறுத்து அரசின் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுப் பன்னிரண்டு நாளாகக் காவல் கிடக்கிறேன். இன்னும் நிலையங்களைத் திறக்கச் சொல்லி எழுதாமல், நெல் வியாபாரத்தில் அரசின் பிடி தளர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். அரசு கையை எடுத்துவிட்டால் வியாபாரி எங்களை விழுங்கிவிட மாட்டானா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: வியாபாரியை நம்புங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? ஒரே ஒருவரை நம்பிக் கிடக்கும் நிலைக்கு விவசாயியைக் கொண்டுவந்துவிட்டார்களே என்றுதான் எழுதினேன். பன்னிரண்டு நாளாக நீங்கள் காவல் கிடப்பது எந்த வியாபாரியின் வாசலில்?

சென்ற ஐப்பசியில் திருவாரூர் பக்கம் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். சாலையோரத்தில் குவியல் குவியலாக நெல், அதன்மேல் தார்ப்பாய். ஓர் அம்மா தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். நெல் சூடாக இருந்தது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஊசி முனைபோல் வெள்ளையாக முளை விட்டிருந்தன. குத்தகை நிலமாம். பயிர் விவரம் எழுதும் கிராமக் கணக்கான அடங்கல் நில உடைமையாளர் பெயரில் இருப்பதால், நெல் போடச் சீட்டு வாங்கவே நான்கு நாள் அலைந்திருக்கிறார். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் இருந்தால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். வரிசையில் முந்திப் போக மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு அங்கே இருந்ததையும் சொன்னார். மத்திய அரசின் ஆதரவு விலையும் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கிடைத்தது, அது நல்ல விலைதான், மறுக்கவில்லை. ஆனால் எடை போடாத நெல்லுக்கு என்ன விலை கொடுத்து என்ன?

அந்த 17 விழுக்காட்டை 22 ஆக்கச் சொல்லி ஒவ்வொரு மழைக்கும் சென்னை டெல்லிக்கு எழுதுகிறது. டெல்லியிலிருந்து குழு வருகிறது, பையில் மாதிரி எடுத்துக்கொண்டு போகிறது, ஆய்வு நடக்கிறது. ஐப்பசி மழை டெல்டாவுக்குப் புதிதா? குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் என்பது நாற்று விடும்போதே களத்துமேட்டில் நிற்கும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலியிலிருந்து உங்கள் களம் தெரியாது.

தனியார் ஏன் நல்ல விலை கொடுப்பதில்லை என்று கேட்பீர்கள். 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. வயலில் குறுவை நின்றுகொண்டிருந்த நேரம் அது. தடை நீங்கியது 2024 செப்டம்பரில். கதவு எப்போது சாத்தப்படும் என்று தெரியாத ஆலைக்காரர் உங்களுக்கு எந்தத் தைரியத்தில் கூட்டிக் கொடுப்பார்? நகரத்து அரிசி விலை ஏறாமல் இருக்க உங்கள் விலையை அழுத்தினார்கள். அந்தச் சுமையை நாடே பங்கிட்டிருந்தாலும் பரவாயில்லை, உங்கள் தலையில் மட்டும் இறக்கினார்கள். ஒரு கையால் சந்தை விலையைச் சாய்த்துவிட்டு மறு கையால் ஆதரவு விலை நீட்டினால், விவசாயி நீட்டிய கையைத்தான் கும்பிடுவான். சாய்த்த கை அவன் கண்ணில் படுவதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. எண்பதுகளில் தஞ்சை மாவட்டத்திலிருந்தும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களிலிருந்தும் நெல்லை வெளியே கொண்டுபோகவே தடை இருந்தது. 1984-இல் புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு அப்பா இரண்டு மூட்டை நெல் வண்டியில் ஏற்றிப் போனார். சொந்த நிலத்தில், சொந்தக் கையால் விளைவித்த நெல். மாவட்ட எல்லைச் சாவடியில் இறக்கி வைத்துவிட்டார்கள். வெறும் கையோடு மகள் வீட்டுப் படியேறியதை அப்பா கடைசிவரை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் உள்ள 'ஒழுங்குபடுத்துதல்' என்ற சொல்லுக்குள் அடியோடு தடுப்பதும் அடங்கும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. அரசுக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும்போது அது எதுவரை நீளும் என்று முதலிலேயே கேட்கச் சொல்வது இதனால்தான்.

கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று 1952-இலும் பயமுறுத்தினார்கள். ராஜாஜி முதலமைச்சரான சில மாதங்களில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதனால் பஞ்சம் வந்துவிடவில்லை. அதே ஆண்டு அதே ராஜாஜிதான் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாள்களையும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தார். பலமுள்ளவன் பலமில்லாதவன்மேல் கை வைக்கும்போது குறுக்கே நிற்க அரசு வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே காவிரித் தண்ணீரைப் பங்கிடவும் அரசும் நீதிமன்றமும் வேண்டும். நெல்லை யாருக்கு, எந்த ஊரில், எந்த ஈரத்தில் விற்பது என்று சொல்ல அரசு வேண்டாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நிலையங்களை மூடச் சொல்லவில்லை. அரசும் வாங்கட்டும், பலரில் ஒருவராக. ஏற்றுமதிக் கதவை நினைத்த நாளில் சாத்தும் அதிகாரம் போகட்டும். வெளியூர் வியாபாரியும் ஆலைக்காரரும் உழவர் குழுக்களும் உங்கள் களத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு வரட்டும். எடைக்கல்லில் கை வைக்கிறவனையும் பணம் தராமல் இழுத்தடிக்கிறவனையும் வட்டத் தலைநகரிலேயே ஒரே மாதத்தில் தண்டிக்க அரசு தன் பலத்தையெல்லாம் காட்டட்டும். ஒரு வியாபாரி ஏமாற்றினால் அடுத்தவரிடம் போகலாம். கொள்முதல் நிலையம் காக்க வைத்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?

நெல்லைக் கொட்டிய தேதி, எடை போட்ட தேதி, பணம் கணக்கில் ஏறிய தேதி, இந்த மூன்றையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மற்ற ஊர் வாசகர்களும் அனுப்பலாம். பெயர் இல்லாமல் அப்படியே அச்சிடுகிறேன்.