தொண்டையில் நிற்கும் அழுகை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். ஏழு மாதமாகத் தொண்டையில் நெல்லிக்காய் அடைத்த மாதிரி இருக்கிறது. சோறு இறங்குகிறது, எச்சில் விழுங்கினால்தான் அடைக்கிறது. கமரா விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் குவைத்தில் இருந்தபோது அம்மா போய்விட்டார், வர முடியவில்லை. அதனால் இருக்குமோ?

பதில்: இருக்கலாம், தங்கச்சி. அழுகையை அடக்கும்போது தொண்டைத் தசை இறுகுகிறது. துக்கம் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அந்த இறுக்கமும் விடுவதில்லை. வலி பொய்யில்லை, நடிப்பில்லை. யாராவது அப்படிச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நெஞ்செரிச்சலாலும் இது வரும், அதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தாதியாக இருந்த காலத்தில் ஓர் அக்கா வாராவாரம் நெஞ்சடைப்பு என்று வருவார், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல். ஒருநாள் மாத்திரையை எடுக்காமல், "வீட்டில் யார் இல்லை?" என்று கேட்டேன். மகன் பெயரைச் சொன்னார். பிறகு அரை மணிநேரம் அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வருத்தியதை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பிறகு மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். நீங்களும் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத வராவிட்டால் லயத்து வரிசை வீடுகளில் நம்பிக்கையான ஒருத்தியிடம் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

சோறு சிக்கினாலோ உடம்பு மெலிந்தாலோ, அன்றே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.