பின்மூடியில் இருக்கும் 1964 ஆண்டைக் குறிக்காது

கேள்வி: ஜப்பானிலிருந்து அனுப்பும் விற்பனையாளர் ஒருவரிடம் பெண்களுக்கான பழைய கிராண்ட் சீகோ வாட்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்மூடியில் 1964-0010 என்று இருக்கிறது. 1964-இல் செய்தது, நன்றாக ஓடுகிறது என்கிறார். வாங்கலாமா? தினமும் கட்டலாமா?

பதில்: முதலில் அந்த 1964. அது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். அடுத்து வரும் 0010 கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். 19ஜிஎஸ் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இந்த வரிசையே 1968-இல்தான் வந்தது. செய்த காலம் தெரிய, பின்மூடியில் தனியாக இருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. 8N என்று தொடங்கினால் 1968 நவம்பர். எழுபதுகளின் நடுவிலேயே சாவி கொடுக்கும் கிராண்ட் சீகோக்கள் நின்றுவிட்டதால், எந்தப் பத்தாண்டு என்ற குழப்பம் வராது.

இந்த வாட்ச் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்களுக்கான வாட்சில் இயந்திரம் சிறியது, இருபுறமும் ஊசலாடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீலும் சிறியது. கையை வீசினாலே அதன் ஆட்டம் கலையும், நேரம் பிசகும். அன்றைய சிறிய வாட்ச்களில் பலவும் ஒரு மணி நேரத்துக்கு 18,000 துடிப்பில் ஓடின. இது 36,000. நொடிக்குப் பத்து முறை துடிப்பதால், கலைந்த ஆட்டம் சட்டென்று சீராகிவிடும். காதருகே வைத்தால் 'டிக் டிக்' என்று தனித்தனியாகக் கேட்காது, விடாத சலசலப்பாகக் கேட்கும்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. நாளுக்கு 8,64,000 துடிப்பு. எண்ணெய் காய்ந்த நிலையில் இப்படி ஓடினால் பாகங்கள் தேய்ந்துகொண்டே போகும், மாற்றுப் பாகமும் எளிதில் கிடைக்காது. அதனால் "ஓடுகிறது" என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள். முழுச் சாவி கொடுத்து, வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவியில் வைத்த படத்தையும் கேளுங்கள். பேலன்ஸ் வீல் எவ்வளவு தூரம் வீசுகிறது என்பதை அது டிகிரியில் காட்டும். 200-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். படம் தர மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

டயலைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் மங்கியோ தடித்தோ இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். பழைய சீகோ 5 வாட்ச்களுக்கு இந்தியாவில் இது சர்வசாதாரணம். லேசாகப் பழுத்த அசல் டயலே மேல்.

சர்வீஸ் ஆனதென்றால் தாராளமாகத் தினமும் கட்டலாம். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். குமிழ் இறுகியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் திருக வேண்டாம். இந்த வயதில் ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. பாத்திரம் துலக்கும்போதும் மழையிலும் கழற்றிவிடுங்கள். கைப்பையின் காந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள். ஒரே நாளில் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். வாட்ச் கடையில் சில நொடிகளில் எடுத்துவிடுவார்கள்.