ஜப்பானில் குடியேறிய வெளிநாட்டவர்கள் ஏன் குப்பையைப் பற்றியே பேசுகிறார்கள்?

அங்கே வாடகை வீடு எடுத்ததும் கைக்கு வந்துசேரும் முக்கியமான தாள் குப்பை நாட்காட்டிதான். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பழைய காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. பல ஊர்களில் காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். முந்தின இரவே வைத்தால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். காக்கை கிழிக்காமல் இருக்க மேலே வலை போர்த்துவார்கள்.

ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி, சுற்றியிருக்கும் தாளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கி, ஒன்றை மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். பால் அட்டைப்பெட்டி என்றால் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்ட வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் மாதம் இது சிரிப்பாகத்தான் இருக்கும். தப்பாகப் பிரித்த பையை வண்டிக்காரர்கள் எடுக்கமாட்டார்கள். காரணம் எழுதிய ஒட்டுத்தாளோடு அது தெருவிலேயே நிற்கும், ஊரே பார்க்கும்படி!

டோகுஷிமா மாகாணத்துக் கமிகட்சு என்ற சிற்றூர் 2003-இல் 'குப்பையே இல்லாத ஊர்' ஆவோம் என்று அறிவித்தது. அங்கே குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள்.

இவ்வளவு செய்யும் ஜப்பானியர்கள் தெருவில் குப்பைத்தொட்டி அதிகம் வைப்பதில்லை. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பல இடங்களில் தொட்டிகளை அகற்றிவிட்டார்கள். மிட்டாய்த் தாளைக்கூடப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. எனக்கு அங்கே மிகவும் பிடித்த காட்சி அதுதான்.