புள்ளி மறைந்தால் நோய் போனதாகுமா?
கடல்மீன் தொட்டி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 1,200 லிட்டர் கடல்மீன் தொட்டி இருக்கிறது. பவளங்கள், இறால், ஒன்பது மீன்கள். புதிதாக விட்ட பவுடர் ப்ளூ டேங் மீனின் உடம்பில் ஒரு வாரத்தில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் வந்தன. நான்கு நாளில் தானாகவே மறைந்தன. கடைக்காரர் குணமாகிவிட்டது என்றார். இரண்டு வாரம் கழித்து இப்போது எல்லா மீன்களுக்கும் வந்திருக்கிறது. தொட்டியில் என்ன மருந்து ஊற்றலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள். இந்த நோய்க்கு வழக்கமான மருந்து காப்பர், அதாவது தாமிரம். ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவு காப்பர் உங்கள் இறாலையும் பவளங்களையும் அதற்கு முன்பே கொன்றுவிடும். பாறையும் பவள மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. இறாலுக்கும் பவளத்துக்கும் ஒன்றும் ஆகாது என்று விற்கப்படும் மருந்துகளை நம்பி நாளைக் கடத்துவதில்தான் பெரும்பாலான மீன்கள் போகின்றன.

இது வெண்புள்ளி நோய். காரணம் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் தின்று வளரும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். வளர்ந்ததும், பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு உதிர்ந்து மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டும். உங்கள் டேங் மீனின் புள்ளிகள் மறைந்தது அப்படித்தான். ஒரு கூட்டுக்குள் இருநூறு குஞ்சுகள் வரை உருவாகும். கூடு பெரும்பாலும் 3 முதல் 28 நாளுக்குள் உடையும். வெளியே வரும் குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாகும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது; நீந்தித் திரியும் அந்தக் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். சிகிச்சை நாள்கணக்கில் நீளுவது இதனால்தான்.

எனவே மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்துத் தனித்தொட்டியில் மருத்துவம் செய்யுங்கள். பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓட விடுங்கள். 72 நாள் வரை தாமதித்து உடைந்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன என்பதால் இந்தக் கணக்கு. பவளம், இறால், நத்தையில் இது வாழாது. அவை அங்கேயே இருக்கலாம். பாறை இடுக்கில் ஒரு சின்ன டாம்சல் மீன் தங்கிவிட்டாலும் 76 நாளும் வீண்.

பாறைகளை எடுக்காமல் வலையோடு துரத்தினால் மீன் களைத்துப்போகும், அகப்படாது. தொட்டி நீரையே டிரம்களில் இறக்கி, பாறைகளை அந்த நீரில் வைத்துவிட்டு, மட்டம் 20 சென்டிமீட்டருக்கு வந்ததும் இரண்டு வலைகளால் பிடியுங்கள். கோபி போன்ற சிறு மீன்கள் பாறையின் துளைக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு பாறையையும் தூக்கி நீர் வடிய விட்டுப் பாருங்கள்.

தனித்தொட்டி 300 லிட்டராவது இருக்கட்டும். மணல், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஏர் ஸ்டோன், சம்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) முன்பே ஊறிய ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும். வடிகட்டும் கரியான கார்பன் போடக்கூடாது, காப்பரை இழுத்துவிடும்.

காப்பர் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். ஆய்வகத் தரக் காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட், அதாவது மயில்துத்தம், 10 கிராம் எடுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம் வேண்டாம், கலப்பு இருக்கும். இந்தக் கரைசலின் ஒரு மில்லியில் சுமார் 2.5 மில்லிகிராம் காப்பர் உண்டு. 300 லிட்டருக்கு மொத்தம் 24 மில்லி. நாளைக்கு 8 மில்லியாக மூன்று நாளில் சேருங்கள். காலையும் மாலையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். 0.15-க்குக் கீழே இறங்கினால் ஒட்டுண்ணி பிழைக்கும், நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 0.25-ஐத் தாண்டினால் மீனுக்கு ஆபத்து. இடைவிடாமல் 30 நாள் வையுங்கள். ஆவியான நீருக்கு வெறும் ஆர்.ஓ. நீர், 100 லிட்டர் நீர் மாற்றினால் புது நீரில் 8 மில்லி கரைசல் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் 'கீலேட்டட்' காப்பருக்கு (வேறு சேர்மத்தோடு பிணைக்கப்பட்டது) அளவு முற்றிலும் வேறு, அதன் லேபிளில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

தனித்தொட்டியில் மீன்களைக் கொல்வது பல நேரம் ஒட்டுண்ணி அல்ல, அம்மோனியா. கடல்நீரின் பிஹெச் அதிகம் என்பதால் அம்மோனியாவின் விஷமும் அதிகம். தினமும் சோதியுங்கள். ஏறினால் நீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. காப்பர் மீனுக்குக் கடும் விஷமாகிவிடும்.

கேள்வி: வெண்புள்ளி, வெல்வெட், தட்டைப்புழு மூன்றையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியுமா? (வாசகர், சிங்கப்பூர்)

ஓரளவு முடியும். டார்ச்சை மீனின் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வெண்புள்ளி தனித்தனியாக எண்ணக்கூடிய மணிகள். வெல்வெட் இன்னொரு ஒட்டுண்ணி நோய், மாவு பூசியது போன்ற மங்கலான படலம். ஆனால் படலம் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், ஏனென்றால் அது முதலில் செவுளைத் தாக்குகிறது. நேற்றுவரை நன்றாகத் தின்ற மீன் இரை எடுக்காமல், வேக வேகமாக மூச்சு வாங்கியபடி, பவர்ஹெட் என்ற பம்ப் வீசும் நீரோட்டத்துக்கு எதிரே அசையாமல் நிற்கிறதா? புள்ளி எதுவும் இல்லாவிட்டாலும் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும். இதற்கு மட்டும் காப்பரை மூன்று நாள் இழுக்காமல் ஒரு நாளுக்குள் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெல்வெட்டின் குஞ்சுகள் நீர்த்துளியோடு காற்றில் மூன்று மீட்டர் வரை போகக்கூடியவை. தனித்தொட்டியை வேறு அறையில் வையுங்கள், வலையும் வாளியும் தனித்தனியாக இருக்கட்டும்.

கண் மங்குவது, உடம்பைப் பாறையில் உரசுவது, தலையை உதறுவது தட்டைப்புழுவின் அறிகுறிகள். புழு கண்ணாடிபோல் இருப்பதால் மீனின்மேல் தெரியாது. கறுப்பு வாளியில் ஆர்.ஓ. நீர் எடுத்து, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பிஹெச்சை 8.2 அளவுக்கு உயர்த்தி, அரை மணி நேரம் காற்று ஓட்டுங்கள். பிறகு மீனை 5 நிமிடம் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மீனின் உடம்பில் அதுவரை இல்லாத வெள்ளைத் தட்டுகள் தெரியத் தொடங்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று வாளியின் அடியில் விழும். மீன் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு நின்றதுபோல் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இதற்குக் காப்பர் உதவாது. ப்ராசிக்வான்டெல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், 300 லிட்டருக்கு 600 முதல் 750 மில்லிகிராம். தண்ணீரில் எளிதில் கரையாது. சிறிது எத்தனாலில் கரைத்து ஊற்றுங்கள். ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவை அகற்றும் கருவி), கார்பன், யூ.வி. விளக்கு மூன்றையும் நிறுத்துங்கள். ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் ஸ்டோனைக் கூட்டுங்கள். முட்டைகளை மருந்து தொடாது, ஆகவே 5 முதல் 7 நாளில் மறுபடி ஒரு தடவை கட்டாயம்.

கேள்வி: பேத்தை மீனும் லயன்ஃபிஷ்ஷும் காப்பர் தாங்காது என்கிறார்கள். வெண்புள்ளிக்கு வேறு வழி உண்டா? (வாசகர், கொழும்பு)

உப்பைக் குறைப்பது நல்ல வழி. 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) 12 பிபிடிக்கு, அதாவது அடர்த்தி 1.009-க்கு இறக்கினால் கூடுகள் உள்ளேயே அழியும். 300 லிட்டர் தொட்டியில் 70 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள். 12 மணி நேர இடைவெளியில் இப்படி நான்கு முறை செய்தால் கணக்கு 12-ல் வந்து நிற்கும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 30 நாள் வையுங்கள். திரும்ப ஏற்றும்போதுதான் நிதானம் வேண்டும், நாளைக்கு 2 அல்லது 3 பிபிடிக்கு மேல் வேண்டாம்.

மிதக்கும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். 35 பிபிடி கரைசலில் சரிபார்த்த, ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். 12 என்று நினைத்து 16-ல் வைத்திருந்தால் ஒரு மாத உழைப்பு வீண். உப்புக் குறைந்த நீரில் பிஹெச் சரியும். சமையல் சோடாவால் தினமும் சரிசெய்யுங்கள். வெல்வெட்டுக்கு இந்த முறை பலிக்காது. திருக்கை, சுறா இருந்தால் இதைச் செய்யக்கூடாது.

கேள்வி: பூண்டுச் சாறு, க்ளீனர் இறால், யூ.வி. விளக்கு இவற்றால் பயன் உண்டா? (வாசகர், மதுரை)

பூண்டு சில மீன்களின் பசியைத் தூண்டலாம், அவ்வளவுதான். தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை இறாலால் எடுக்க முடியாது. யூ.வி. தன் வழியாக ஓடும் நீரில் உள்ள குஞ்சுகளை மட்டும் கொல்லும், பாறையருகே தூங்கும் மீனைத் தேடி வரும் குஞ்சு அதற்குள் போவதே இல்லை. எண்ணிக்கையைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது.

கேள்வி: கடலிலிருந்தே தண்ணீர் எடுத்து வருகிறேன். அதிலிருந்து ஒட்டுண்ணி வருமா? புது மீனை எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்? (வாசகர், தூத்துக்குடி)

வரலாம். துறைமுகம், கழிமுகம் பக்கம் எடுக்காதீர்கள். 500 லிட்டர் நீருக்கு, வாசனையோ சோப்போ சேராத 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 125 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். ஓர் இரவு பம்ப் ஓடட்டும். காலையில் 35 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்து ஊற்றி, குளோரின் டெஸ்ட்டில் பூஜ்யம் வந்த பிறகே பயன்படுத்துங்கள். வண்டல் அடியில் தங்கியிருக்கும், மேல் நீரை மட்டும் எடுங்கள்.

புது மீனுக்கு வெண்புள்ளி மட்டும்தான் கவலை என்றால் மருந்தே வேண்டாம். இரண்டு 60 லிட்டர் டப்பாக்கள் போதும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் அடுத்த டப்பாவின் புது நீருக்கு மாற்றுங்கள். உதிர்ந்தவை கூடு உடைத்து வெளிவருமுன் மீன் இடம் மாறியிருக்கும். நான்கு மாற்றம், 12 நாள். விட்டு வந்த டப்பா, ஹீட்டர், குழாய், ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் குளோரினில் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர்த்திய பிறகே மறுபடி நிரப்புங்கள். இந்த முறை வெல்வெட்டைத் தடுக்காது. ஆகவே அதன்பிறகும் இரண்டு வாரம் தனியே வைத்து, மூச்சையும் பசியையும் தினமும் பாருங்கள். டேங் மீன்களுக்கு இந்தக் காவல் இன்னும் அவசியம்.