டெர்வென்ட் பள்ளத்தாக்கும் அகற்றப்பட்ட ஊரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றையொட்டிச் சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டைச் சுற்றிவரும் நடைபாதையைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்தப் பள்ளத்தாக்கின் அழகைத் தாங்கள் பாராட்டியிருந்த விதம் என்னைச் சற்றே உறுத்தியது. ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் ஊரையே பெயர்த்து உண்டாக்கப்பட்ட காட்சி அது. அதை இயற்கை என்று எண்ணி ரசிப்பது சரியா? அங்கே நடப்பதே அந்தப் பிரபுவின் பெருமைக்கு நாமும் தலையாட்டுவதாகாதா? அக்டோபரில் ஷெஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். அறுபதைக் கடந்த நான் அந்தப் பாதையில் நடக்க முடியுமா, எந்தப் பக்கமாகத் தொடங்குவது நல்லது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

ஊர் அகற்றப்பட்டது உண்மைதான். 1760களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் உரிமையாளரான நான்காம் டெவன்ஷயர் டியூக், கேப்பபிலிட்டி பிரவுன் என்று புகழ்பெற்ற நிலவடிவமைப்பாளரை அமர்த்திச் சரிவுகளைத் திருத்தி, ஆற்றின் போக்கைச் செப்பனிட்டுப் புல்வெளியை நீர்விளிம்பு வரை இறங்கச் செய்தார். ஜேம்ஸ் பெய்ன் கட்டிய கல்பாலமும் அதே காலத்தது. மாளிகையிலிருந்து தெரிந்த என்சர் என்ற ஊரின் வீடுகள் அப்போதே அகற்றப்படத் தொடங்கின; 1838க்குப் பிறகு ஆறாம் டியூக் எஞ்சியவற்றையும் எடுத்துவிட்டு, மேட்டுக்கு அப்பால் கண்ணில் படாத இடத்தில் புது ஊரை எழுப்பினார். ஒரு வீட்டைப் போல் இன்னொரு வீடு இல்லாத, பார்க்க மிக அழகான ஊர் அது. ஆனால் அங்கே குடியேறியவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பழைய ஊரின் வீடுகளில் ஒன்று மட்டும் சாலைக்கு மறுபுறம், தன்னைச் சுற்றிய மதிலோடு தனியாக நிற்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அங்கே நடக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். தெரிந்தவர்கள் கட்டாயம் நடக்க வேண்டும். மாளிகையின் சாளரத்தில் நிற்பவருக்குப் பள்ளத்தாக்கு ஒரே ஒரு சித்திரமாகத்தான் கிடைக்கிறது. சுற்றுப்பாதையில் செல்பவரோ அந்தச் சித்திரத்துக்குள் நுழைந்து, அதன் முதுகுப்புறம் வழியாக ஏறி, மறைக்கப்பட்ட ஊரையும் அதற்கு மேலே ஆடு மாடு மேயும் கால்டன் மேய்ச்சல் நிலத்தையும் கடந்து, மறுபக்கமாக ஆற்றுக்கு இறங்குகிறார். எது எதற்காக எங்கே வைக்கப்பட்டது என்பது அவருக்குப் புலப்பட்டுவிடுகிறது.

அதைவிட முக்கியமானது பூங்காவின் புல் சரிவுகளில் இருக்கிறது. சாய்ந்த வெயிலில் பார்த்தால், புல்லுக்கு அடியில் அலை அலையாக நீண்ட மேடுகளும் பள்ளங்களும் இணையாக ஓடுவது தெரியும். இடைக்கால உழவர்கள் எருது பூட்டிய ஏரால் ஆண்டுதோறும் மண்ணை ஒவ்வொரு நிலப்பட்டையின் நடுப்பக்கமாகவே புரட்டிப் போட்டதால் உயர்ந்த மேடுகள் அவை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் பிற்கால உழவு இவற்றைச் சமப்படுத்திவிட்டது. இங்கே நிலம் பூங்காவாகிப் புல்லுக்கு விடப்பட்டு, மீண்டும் உழப்படாததால் அவை தப்பின. உழவர்களை விலக்கிவைத்த அந்த ஏற்பாடே உழவர்களின் கைவேலையைக் காத்து வைத்திருக்கிறது என்பதை அங்கே நிற்கும்போதெல்லாம் நினைக்கிறேன். பெயர் பதியாத அந்த மனிதர்களின் எழுத்து, பிரவுனின் கையெழுத்துக்கு அடியில் இன்னும் படிக்கக் கிடைக்கிறது. எனவே இதை இயற்கை என்று சொல்ல வேண்டியதில்லை. பலருடைய உழைப்பு அடுக்கடுக்காகப் படிந்த நிலம் என்பதே பொருத்தம்.

என்சரின் கல்லறைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் அடக்கமாகியிருக்கிறார். எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1826இல் இருபத்து இரண்டு வயதில் சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக வந்தவர். பின்னாளில் 1851 லண்டன் கண்காட்சிக்கான கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவர். அவர் இங்கே கண்ணாடிக் குடிலில் வளர்த்துப் பழுக்க வைத்த வாழைக்கு டியூக்கின் குடும்பப் பெயரால் காவண்டிஷ் என்று பெயரிட்டார்கள். நம் ஊர் விவசாயிகள் ஜி-9 என்று சொல்லும் வாழை அந்த வகையைச் சேர்ந்ததுதான். வளர்த்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. தங்கள் கோபத்துக்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தலையாட்டுவதாகாதா என்று கேட்டிருந்தீர்கள். டெர்பிஷயரில் நடப்பதற்கு வேறொரு வரலாறு உண்டு. இதே டியூக் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம், கௌதாரி வகைப் பறவைகளைச் சுடும் வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று, பெரும்பாலும் இளம் தொழிலாளர்களான சில நூறு பேர் தடையை மீறி அதன் மீது ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது, ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்தப் பீக் டிஸ்டிரிக்ட் வட்டாரமே. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை உறுதிசெய்தது. 2002இல், அந்த மீறலின் எழுபதாம் ஆண்டு நிகழ்ச்சியில், பதினோராம் டியூக் தம் பாட்டனார் செய்த தவற்றுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நான் அந்த மன்னிப்பை மதிக்கிறேன். ஆனாலும் நடக்கும் உரிமை சிறை சென்றவர்களால் கிடைத்தது என்பதை அதற்கு மேலாக வைக்கிறேன். இன்று சாட்ஸ்வொர்த் மாளிகைக்கும் அதன் தோட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. ஆற்றோரப் பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. அங்கே நடப்பவர் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

இனித் தங்கள் பயணம். ஷெஃபீல்டிலிருந்து பேருந்திலேயே வரலாம். என்சரில் தொடங்கி, தேவாலயத்தின் அருகிலிருந்து ஏறும் பாதையில் புல்வெளியைக் கடந்து நியூ பீஸ் காட்டுக்குள் செல்லுங்கள். ஏற்றம் அந்த முதல் பகுதியில்தான்; நின்று நின்று ஏறினால் தங்கள் வயதில் சிரமம் இராது. காட்டுக்கு அப்பால் கால்டன் மேய்ச்சல் நிலம். அங்கிருந்து கால்டன் லீஸ் என்ற சிற்றூருக்கு இறங்கி, ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் பழைய மாவு ஆலையை அடைந்து, நீரோட்டத்துக்கு எதிராக மேற்குக் கரையோடு வடக்கே நடந்தால் பெய்னின் பாலம் வரும். அங்கிருந்து என்சர் அருகில்தான். மாலையில் மாளிகையின் மேற்கு முகப்பில் வெயில் விழும். உழவு மேடுகளும் அப்போதுதான் நன்றாகத் தெரியும் என்பதால், மதியத்துக்கு முன் கிளம்பி ஆற்றங்கரைப் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் சிவப்பு மான்கள் இணைசேரும் காலம். ஆண் மான்கள் மூர்க்கமாக இருக்கும், வெகு தூரம் விலகியே நடக்க வேண்டும். கால்டன் பகுதியில் மழைக்குப் பின் சேறு மிகும் என்பதால் கணுக்கால் வரை மூடும் காலணி அவசியம். திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்கூட்டியே மகளிடம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.